வகுப்புக்கு வர்ற பிள்ளையோட முகத்தை யார் பார்க்கிறது?



கொஞ்சம் நீளமான பதிவு. நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து எழுதுறேன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்குங்க. கோயில் வாட்ஸ்அப் குரூப்புல போடலாம்னுதான் முதல்ல நெனச்சேன். அங்க போட்டா ரெண்டு பேர் கும்பிடு போடுவாங்க, மூணாவது ஆள் காலை வணக்கம் படம் போடுவார், என் விஷயம் மேல ஓடிப் போயிடும். அதனாலதான் இங்க எழுதுறேன்.

அடுத்த வாரம் நம்ம ஆலயத்தோட ஆண்டுக் கூட்டம். செலவுப் பட்டியல்ல நான் ஒரு விஷயம் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்புலயும், புதன்கிழமை டியூஷன் வகுப்புலயும் பாடம் எடுக்கிற நம்ம தொண்டர்கள் ஒன்பது பேருக்கு, பிள்ளைகளோட மனநிலையைப் புரிஞ்சு நடந்துக்கிறது எப்படின்னு ரெண்டு நாள் பயிற்சி. செலவு 3,000 வெள்ளி, சாப்பாடும் சேர்த்து. போன கமிட்டிக் கூட்டத்துல இதைச் சொன்னதும் ஒரு அண்ணன் சிரிச்சிட்டார். "வாத்தியாருக்கே பாடமா? நாமெல்லாம் அடி வாங்கிப் படிச்சவங்க தானே, என்ன கெட்டுப் போயிட்டோம்?"ன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஏன் சிரிச்சோம்னு இருந்துச்சு.

சிரிச்சதுக்காகத்தான் இதை எழுதுறேன்னு வெச்சுக்குங்களேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி நடந்த ஒரு விஷயம் இருக்கு. கமிட்டியில நான் சொன்னதில்ல. வீட்டுல மனைவிக்கு மட்டும் தெரியும்.

சமய வகுப்புக்கு டீச்சர் யாராவது வரலைன்னா நான்தான் போய் நிப்பேன், உங்களுக்குத் தெரியும். வருகை எடுக்கிறது, தேவாரம் ஓத வைக்கிறது, சாப்பாடு கொடுத்து அனுப்புறது. அதுவரைக்கும் எனக்கு வரும். அப்போ ஒரு பையன் வருவான். பதிமூணு வயசு. நல்ல குரல். முந்தின வருஷம் திருமுறை ஓதும் விழாவுல பரிசு வாங்கினவன். அவன் நாலஞ்சு வாரமா வகுப்புல உட்கார்ந்தபடியே தூங்கி விழுறான். சட்டை கசங்கியிருக்கும். நகம் வெட்டியிருக்க மாட்டான். கொடுத்த பதிகத்தை மனப்பாடம் பண்ணிட்டு வரமாட்டான். சாப்பாடு நேரத்துல மட்டும் ரெண்டு இட்லி கூடக் கேட்பான். எனக்கு எரிச்சல். ஓதுறதுக்கு வாய் வரல, திங்கிறதுக்கு மட்டும் வருதான்னு மனசுக்குள்ள.

ஒரு ஞாயிறு அவனை எழுப்பி வெளியே போய் நில்லுன்னு சொல்லிட்டேன். கொடிமரத்துக்குப் பக்கத்துல, ஜனங்க சாமி கும்பிட வர்ற வழியில, அரை மணி நேரம் நின்னான். ஒரு அக்கா வந்து, என்னங்க பிள்ளையை இப்படி நிக்க வெச்சிருக்கீங்கன்னு கேட்டாங்க. "சோம்பேறிங்க இவன், ராத்திரியெல்லாம் போன் பார்க்கிறது"ன்னு சொன்னேன். அவன் காதுல விழணும்னே சத்தமாச் சொன்னேன்.

அடுத்த வாரம் அவன் வரல. அதுக்கு அடுத்த வாரமும் வரல. நான் தேடவும் இல்ல.

ரெண்டு மாசம் கழிச்சு பிரதோஷத்தன்னிக்கு அன்னதான வரிசையில அவனோட அம்மாவைப் பார்த்தேன். "எங்கம்மா தம்பி?"ன்னு கேட்டேன். "கோயில் பக்கமே வரமாட்டேங்கிறான் அண்ணே"ன்னாங்க. அப்புறம் மெதுவாத்தான் விஷயம் வந்துச்சு. புருஷன் வீட்டை விட்டுப் போய் அப்பவே நாலு மாசம் ஆயிருக்கு. இவங்க ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட், ராத்திரி ஏழு மணியிலேர்ந்து காலை ஏழு மணி வரைக்கும். எங்க ஃபேக்டரி இல்ல. ஆனா நான் என் ஆளுங்களுக்குப் போடுற ரோஸ்டர் மாதிரியேதான். வீட்டுல நாலு வயசு பெண் பிள்ளை, ஆஸ்துமா. ராத்திரி இருமல் வந்தா அந்தப் பையன்தான் எழுந்து மருந்து மெஷினை முகத்துல பிடிச்சிட்டு உட்கார்ந்திருப்பான். காலையில அம்மா வந்ததும் குளிச்சிட்டு நேரா நம்ம வகுப்பு. கூடக் கேட்ட ரெண்டு இட்லி தங்கச்சிக்கு. டிஷ்யூவுல சுத்தி எடுத்துட்டுப் போவானாம்.

அவனுக்கு இப்போ பதினாறு வயசு. கார் கழுவுற கடையில வேலை செய்றான். ஒருநாள் என் காடியைக் கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், காடி சுத்தமாத்தான் இருந்துச்சு. நான் பேச ஆரம்பிச்சதும் "பரவால்ல அங்கிள்"ன்னு சொல்லிட்டு அடுத்த காடிக்குப் போயிட்டான்.

இதுல நான் என்னைக் கெட்டவன்னு சொல்லிக்கல. எனக்கு அந்தப் பிள்ளை மேல பாசம் இருந்துச்சு. ஆனா பாசம் இருந்தும் கண்ணு தெரியல. அதுதான் நான் சொல்ல வர்றது. கண்ணைத் திறந்து பார்க்கிறதுக்கும் பழகணும்.

ஃபேக்டரியில எனக்கு இது நல்லாத் தெரியும், அதுதான் வெட்கம். எங்க இடத்துல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டணும்னா பயிற்சி எடுத்திருக்கணும். ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் முதலுதவி கத்துக்கிட்ட ஆள் இருக்கணும். காலையில லைன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நான் எல்லார் முகத்தையும் பார்ப்பேன். யாராவது கண்ணு சிவந்து, பேசாம நின்னா பிரஸ் மெஷின்ல விடமாட்டேன், பேக்கிங் பக்கம் மாத்திடுவேன். ஏன்னா விரல் போயிடும். "நியர் மிஸ்"ன்னு ஒண்ணு எழுதி வைப்போம். காயம் படல, ஆனா பட்டிருக்கலாம், அதையும் எழுதணும். அப்போதான் அடுத்த தடவை காயம் படாது. இருபத்தஞ்சு வருஷமா இதைச் செய்யுறவன், கோயிலுக்கு வந்து ஒரு பிள்ளை அஞ்சு வாரம் தூங்கி விழுந்ததை சோம்பேறித்தனம்னு எழுதிட்டேன். மெஷினுக்குக் காட்டுன கவனத்தைப் பிள்ளைக்குக் காட்டல.

போன வருஷம் கம்பெனியில சூப்பர்வைசருங்க எங்களை ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினாங்க. மனசுக்கான முதலுதவின்னு பேரு. சாப்பாடு நல்லா இருக்கும்னுதான் போனேன். அதுல மூணே விஷயம். பார், கேள், சேர்த்து விடு. உலக சுகாதார நிறுவனம் 2011-ல போட்ட கையேட்டுல வர்ற முறை. பேரிடர் நடக்கிற இடத்துக்குப் போற சாதாரண ஆளுங்களுக்காக எழுதினது, டாக்டருங்களுக்காக இல்ல. பார்: அந்த ஆள்கிட்ட என்ன மாறியிருக்கு. கேள்: அவங்க சொல்றதை, நடுவுல புகுந்து பேசாம, அறிவுரை சொல்லாம. சேர்த்து விடு: உன்னால முடியாததை முடியிறவங்ககிட்ட. அன்னிக்கு மத்தியானம் முழுக்க அந்தப் பையன் முகம்தான் எனக்கு. சாப்பாட்டை மறந்துட்டேன்.

சரி, இதெல்லாம் ஸ்கூல் வேலை தானே, கோயில் ஏன் பண்ணணும்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி.

நான் வளர்ந்தது ரப்பர் தோட்டத்துல. லயத்துக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நடுவுல ஒரு பந்தடிக்கிற திடல். கோயில் அந்தப் பக்கம். ரெண்டு நாள் ஸ்கூலுக்கு வரலைன்னா வாத்தியார் சைக்கிளை மிதிச்சுக்கிட்டு வீட்டு வாசலுக்கே வந்திடுவார். எங்க அப்பா குடிக்கிறது அவருக்குத் தெரியும், எங்க வீட்டுல அன்னிக்கு அடுப்பு எரிஞ்சதா இல்லையான்னும் தெரியும். அவர் எந்தப் பயிற்சிக்கும் போகல. போகத் தேவையும் இல்ல, அவர் எங்க நடுவுலயே இருந்தார். (பிரம்பும் வெச்சிருந்தார், அதையும் சொல்லணும். அடிச்சுட்டு சாயங்காலம் வந்து பார்க்கவும் செய்வார். இந்த ரெண்டாவது பாதியை நாம மறந்துட்டோம்.)

இப்போ தோட்டம் இல்ல. நாம ஃபிளாட்டுக்கும் தாமானுக்கும் வந்துட்டோம். பக்கத்து வீட்டுல யாருன்னு தெரியாது. நம்ம நாட்டுல 500-க்கு மேல தமிழ்ப்பள்ளி இருக்கு, அதுல எத்தனையோ 150 பிள்ளைக்கும் குறைவான சின்னப் பள்ளிங்க. அங்கெல்லாம் முழுநேர ஆலோசக ஆசிரியரை எதிர்பார்க்க முடியாது. ஒரே டீச்சர் பாடமும் எடுக்கணும், போட்டி விளையாட்டுக்கும் கூட்டிட்டுப் போகணும், கணினியில விவரமும் பதியணும். நான் அவங்களைக் குறை சொல்லல. எங்க அக்கா மகள் டீச்சர், அவ படுற பாடு எனக்குத் தெரியும்.

ஆறாம் ஆண்டு முடிஞ்சதும் நம்ம பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போகுது. மலாய் மொழியில தேறலைன்னா ஒரு வருஷம் புகுமுக வகுப்பு. சின்னப் பள்ளியில எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளை, ஆயிரம் பிள்ளைக்கு நடுவுல நிக்குது. அங்க ஆலோசக ஆசிரியர் இருக்கார், ஆனா அவருக்கு நூத்துக்கணக்குல பிள்ளைங்க. மனசுல இருக்கிறதை மலாய்ல சொல்லத் தெரியாத பிள்ளை என்ன பண்ணும்? சும்மா இருந்திடும். இல்லன்னா சண்டை போடும். சண்டை போட்டா பேரு கெட்டுப் போகுது, அதுக்கப்புறம் யாரும் என்ன ஆச்சுன்னு கேட்கிறதில்ல.

அந்தப் பிள்ளை வாரத்துல ஒருநாள், தமிழ்ல, பயம் இல்லாம வந்து உட்கார்ற ஒரே இடம் நம்ம மண்டபம். அதனாலதான் கோயில்.

2022-ல சுகாதார அமைச்சு இடைநிலைப்பள்ளிப் பிள்ளைங்களை வெச்சு நாடு முழுக்க ஒரு ஆய்வு செஞ்சாங்க. நாலு பேர்ல ஒருத்தருக்கு மனச்சோர்வு இருக்குன்னு வந்துச்சு. நம்ம சமய வகுப்புல 40 பிள்ளை. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க. 2020 மார்ச்ல ஊரடங்கு வந்தப்ப ரெண்டாம் ஆண்டு, மூணாம் ஆண்டு படிச்ச பிள்ளைங்கதான் இன்னிக்கு இடைநிலைப்பள்ளியில இருக்காங்க. சின்ன வீட்டுக்குள்ள, ஒரே போனை மூணு பேர் பங்கு போட்டுப் படிச்சவங்க.

இப்போ ஒரு விஷயம் சொல்றேன், சிலருக்குக் கோபம் வரலாம்.

வருஷா வருஷம் பரீட்சைக்கு முன்னாடி நம்ம கோயில்ல சிறப்புப் பூஜையும் தன்முனைப்பு முகாமும் வைக்கிறோம். பூஜை நல்லது, பேனாவை சாமி பாதத்துல வெச்சுக் கொடுக்கிறது பிள்ளைக்கு ஒரு தைரியம். நான் சொல்றது அந்த முகாமை. பேச்சாளர் வருவார், லைட்டை அணைப்பார், சோகப் பாட்டைப் போடுவார். உங்க அம்மா உங்களுக்காக எவ்வளவு கஷ்டப்பட்டாங்க, நீங்க என்ன கொடுத்தீங்கன்னு மைக்குல கேட்பார். பிள்ளைங்க எல்லாம் கதறி அழும். அப்புறம் அப்பா அம்மா காலைக் கழுவணும். நாம மண்டபத்துக்குப் பின்னாடி நின்னு கண்ணைத் துடைச்சிக்கிட்டு, முகாம் வெற்றின்னு போட்டோ போடுவோம்.

பாதபூஜையை நான் தப்புன்னு சொல்லல. நானே என் அம்மாவுக்குச் செஞ்சிருக்கேன். ஆனா அந்த வரிசையில, அப்பாகிட்ட ராத்திரி பெல்ட்டால அடி வாங்கின பிள்ளை இருந்தா? அது அந்தக் காலைக் கழுவும்போது என்ன நினைக்கும்? அப்பாவே இல்லாத பிள்ளை பக்கத்துல இருக்கிற நாற்காலியைப் பார்த்துக்கிட்டு நிக்குமே? ஒரு தடவை ஒரு பெண் பிள்ளை அழுகையை நிறுத்த முடியாம மூச்சுத் திணறி உட்கார்ந்திடுச்சு. தண்ணி கொடுத்தோம், விபூதி பூசினோம், வேன்ல ஏத்தி அனுப்பினோம். மறுநாள் யாராவது போன் பண்ணிக் கேட்டோமா? இல்ல. ரெண்டு மணி நேரம் காயத்தைத் திறந்து விட்டுட்டு, கட்டுப் போடாம அனுப்பிட்டோம். அந்த முகாமுக்கு நாம கொடுத்தது 2,500 வெள்ளி. நான் இப்போ கேட்கிறது 3,000.

பயிற்சின்னா என்ன சொல்லிக் கொடுப்பாங்கன்னு கேட்டவங்களுக்கு, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல பார்க்கிறது. நல்லாப் பேசின பிள்ளை பேசாம ஆயிடுறது. வெயில்லயும் கை மறைக்கிற சட்டை போட்டுட்டு வர்றது. தனக்குப் பிடிச்ச சாமானை மத்தவங்களுக்குக் கொடுக்கிறது. வீட்டுக்குப் போக மனசில்லாம கடைசி ஆளா நிக்கிறது. திடீர்னு கோபம். ஒரு நாள் இருந்தா எல்லாருக்கும் வர்றதுதான். வாரக்கணக்கா இருந்தா கேட்கணும்.

அடுத்தது கேட்கிறது. இதுதான் நமக்கு ரொம்பக் கஷ்டம், ஏன்னா நம்ம ஆளுங்களுக்குப் பிள்ளை வாயைத் திறந்தாலே அறிவுரை வந்திடும். "இதுக்கெல்லாமா அழுவ?" "உங்க அம்மாவை நெனச்சுப் பார்த்தியா?" "சாமி கும்பிடு, எல்லாம் சரியாயிடும்." மூணையும் நானே சொல்லியிருக்கேன். பயிற்சியில ஜோடி ஜோடியா உட்கார வெச்சு, ஒருத்தர் அஞ்சு நிமிஷம் பேசணும், மத்தவர் வாயைத் திறக்காம கேட்கணும்னு சொன்னாங்க. அம்பது வயசு ஆம்பளைங்க, ரெண்டு நிமிஷம் தாங்க முடியல எங்களால. செஞ்சு பார்த்தாத்தான் தெரியும் எவ்வளவு மோசமாக் கேட்கிறோம்னு.

இன்னொண்ணு. சாகணும்னு தோணுதான்னு ஒரு பிள்ளைகிட்ட நேரடியாக் கேட்டா, நாமளே அந்த எண்ணத்தை எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடும்னு நான் நெனச்சிருந்தேன். அப்படி இல்ல. அமைதியாக் கேட்கிறதால அந்த எண்ணம் புதுசா வர்றதில்ல, ஏற்கெனவே இருந்தா வெளிய சொல்ல ஒரு வழி கிடைக்குது. முன்னாடி நம்ம நாட்டுல தற்கொலை முயற்சியே குற்றம், ஒரு வருஷம் வரைக்கும் சிறை. அந்த 309-ஆவது பிரிவை 2023-ல எடுத்துட்டாங்க. ஆனா நம்ம குடும்பங்கள்ல இன்னும் போலீஸ் வரும்னு பயந்து மறைக்கிறவங்க இருக்காங்க. இதை நம்ம டீச்சருங்க தெரிஞ்சு வெச்சிருந்தா ஒரு அம்மாவுக்காவது சொல்லலாம்.

யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு பிள்ளைக்குச் சத்தியம் பண்ணக்கூடாது, அதையும் கத்துக்கணும். "உன் பாதுகாப்புக்காகச் சொல்ல வேண்டியிருந்தா சொல்லுவேன், யார்கிட்ட சொல்றேன்னு உனக்குத் தெரியாமச் சொல்லமாட்டேன்." அப்படித்தான் பேசணும். பிள்ளைகிட்ட தனியாப் பேசினாலும் கதவு திறந்திருக்கணும், இன்னொரு பெரியவர் பார்க்கிற தூரத்துல இருக்கணும். பிள்ளைங்க மேல பாசமாப் பழகுறவங்க எல்லாரும் நல்லவங்கன்னு நான் நம்பத் தயாரா இல்ல. கோயிலா இருந்தாலும் சரி. இந்த விதி இன்னிவரைக்கும் நம்ம வகுப்புல எழுதி வைக்கலங்கிறதே எனக்குப் பயமா இருக்கு.

கடைசியா, சேர்த்து விடுறது. நாம ஆலோசகர் இல்ல, ஆகவும் முடியாது. இந்த நாட்டுல கவுன்சலர்னு சொல்லிக்கிறவங்க 1998-ஆம் வருஷத்து ஆலோசகர் சட்டத்துப்படி பதிஞ்சிருக்கணும். அதனால பயிற்சிக்கு நான் கூப்பிடச் சொல்றதும் பதிவு பெற்ற ஆலோசகரை, மைக் பிடிச்சு அழ வைக்கிறவரை இல்ல. நம்ம டீச்சருங்க செய்ய வேண்டியது, எந்தப் பிள்ளையை எங்க அனுப்பணும்னு தெரிஞ்சு வெச்சிருக்கிறது. வீட்டுல அடி, கொடுமைன்னா தாலியன் காசே 15999. மனசு சரியில்லைன்னா சுகாதார அமைச்சோட ஹீல் எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, இருபத்துநாலு மணி நேரமும். இந்த நம்பரை மண்டபத்துச் சுவத்துல, நன்கொடையாளர் பேர்ப் பலகை இருக்கே, அதுக்குப் பக்கத்துல ஒட்டணும். அதுக்குக் காசே வேணாம்.

சாமி கும்பிட்டாப் போதாதா, இதெல்லாம் எதுக்குன்னு ஒரு பெரியம்மா என்கிட்ட கேட்டாங்க. கும்பிடணும்மா. நானும் தினமும் கும்பிடுறவன்தான். ஆனா உங்களுக்கு சர்க்கரை வந்தப்ப அர்ச்சனையும் பண்ணினீங்க, கிளினிக்குக்கும் போனீங்க. அதேதான்.

தொண்டர்களுக்கு ஏற்கெனவே நேரம் இல்ல, இன்னும் பாரம் ஏத்துறியேன்னு நம்ம டீச்சர் ஒருத்தர் சொன்னாங்க. இதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல. உண்மைதான். அவங்களும் வாரம் முழுக்க வேலைக்குப் போயிட்டு ஞாயிறு தூக்கத்தை விட்டுட்டு வர்றவங்க, அவங்க மனசை யார் பார்க்கிறாங்க? அதனால ரெண்டு நாள் பயிற்சியோட நிறுத்தக் கூடாதுன்னு சேர்த்துக் கேட்கிறேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்த ஆலோசகர் வந்து டீச்சருங்களோட மட்டும் ஒரு மணி நேரம் உட்காரணும். என்ன பார்த்தோம், எது கஷ்டமா இருந்துச்சுன்னு பேசணும். ஒருநாள் பேச்சைக் கேட்டு, சான்றிதழ் வாங்கி, படம் எடுத்துட்டுப் போற பயிற்சியை நான் ஃபேக்டரியில நிறையப் பார்த்திருக்கேன். ரெண்டு வாரத்துல எல்லாம் பழையபடி ஆயிடும்.

இந்த வருஷம் திருவிழாவுக்கு நுழைவாயில்ல புது லைட் வளைவு போட 8,000 வெள்ளி பட்டியல்ல இருக்கு. அதை வேணாம்னு நான் சொல்லமாட்டேன், அழகு பார்க்கிறது நமக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். பழைய வளைவு இன்னும் எரியுதுன்னு மட்டும் சொல்லிக்கிறேன். அதைப் போன வாரம் நான்தான் ஏறிப் பார்த்தேன், நாலு பல்பு மாத்தினாப் போதும்.

கூட்டம் ஞாயிறு காலை 10 மணிக்கு, மண்டபத்துல. சந்தா கட்டினவங்க மட்டும்தான் கை தூக்க முடியும், வருஷத்துக்கு 12 வெள்ளி. கட்டாதவங்க வாசல்லயே கட்டிக்கலாம், பொருளாளர் ஒன்பது மணிக்கே மேசை போட்டுடுவார். சமய வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்புற அப்பா அம்மாமாருங்க அவசியம் வாங்க. போன வருஷம் கூட்டத்துக்கு வந்தது 31 பேர், அதுல பாதி பேர் சாப்பாடு வந்ததும் எழுந்துட்டாங்க. என் விஷயம் பட்டியல்ல கடைசியிலதான் வரும். கொஞ்சம் உட்காருங்க.

திருச்சிற்றம்பலம்.